காலுறைக்குள் ஒரு கமலா ஆரஞ்சு



தீபாவளிப் பட்சணங்கள் தீர்ந்து, எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தாயிற்று அல்லவா? இனிக் கொஞ்சம் ஊசியைக் கையில் எடுக்கலாம். சென்ற இதழில் பிளெயின், பர்ல் இரண்டையும் பழகிக்கொண்டோம். இந்த இதழில் அதை வைத்து உருப்படியாக நாலு சின்னச் சாமான்கள் செய்யப் போகிறோம். எல்லாமே ஒரு காலுறைக்குள் அடங்கக் கூடியவை. ஆம், கிறிஸ்துமஸ் காலுறைதான்!

“நமக்கெதற்கு அது?” என்று சிலர் கேட்கக் கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டேன். பெண் எடின்பரோவில் வாக்கப்பட்டுப் போன பிறகு அந்தக் கேள்வி போய்விட்டது. பிள்ளையோ பெண்ணோ கடல் கடந்து இருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்வது புரியும். பேரக் குழந்தைகள் அந்த ஊர்ப் பழக்கத்தில்தான் வளர்கிறார்கள். டிசம்பர் 24 இரவு அவர்களும் ஒரு காலுறையைத் தொங்கவிடுகிறார்கள். அதற்குள் பாட்டி கையால் செய்த ஒன்று இருந்தால் நன்றாகத்தானே இருக்கும்? பார்சலிலும் கனக்காது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இன்றைய துருக்கியில் மைரா என்று ஓர் ஊர். நாலாம் நூற்றாண்டில் அங்கே நிக்கலஸ் என்று ஓர் ஆயர் இருந்தார். அவரைப் பற்றி ஒரு கர்ணபரம்பரைக் கதை. ஓர் ஏழைத் தகப்பனுக்கு மூன்று பெண்கள். சீர் கொடுக்க வழியில்லாமல் கல்யாணம் நின்று கிடந்தது. நிக்கலஸ் இரவில் யாருக்கும் தெரியாமல் வந்து பொன் முடிப்பை உள்ளே எறிந்துவிட்டுப் போனாராம். அடுப்பங்கரையில் காயப் போட்டிருந்த காலுறைக்குள் அது விழுந்ததாம். பெண்ணைப் பெற்றவர் கவலை எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது! காலுறை நுனியில் ஓர் ஆரஞ்சுப் பழம் வைக்கிறார்களே, அது அந்தப் பொன்னுக்கு அடையாளம் என்று சொல்வார்கள்.

1823 டிசம்பர் 23-ல் அமெரிக்காவில் ட்ராய் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றி ஒரு பாட்டு வெளியாயிற்று. புகைபோக்கி அருகே காலுறைகள் தொங்குவது அதில் வருகிறது. அந்தப் பாட்டு பரவப் பரவ இந்த வழக்கமும் பரவிற்று. அன்றைக்குத் தொங்கியது அவரவர் காலில் போட்டுக்கொண்ட சாதாரணக் காலுறைதான். அதனால்தான் உள்ளே வைப்பதும் சின்னதாக இருந்தது. இப்போது கடையில் விற்கும் காலுறைக்குள் நம் வீட்டுக் குழந்தையையே போட்டுவிடலாம்!

இனி, நான் இதைக் கற்றுக்கொண்ட கதைக்கு வருகிறேன்.

2016 நவம்பரில் ஆறு மாத விசாவில் போயிருந்தேன். அந்த ஊர் டிசம்பரைப் பற்றி என்ன சொல்ல! காலை எட்டரைக்கு மேல்தான் சூரியன் தலைகாட்டும். மாலை மூன்றே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும். பெண்ணும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டால், பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை நானும் கம்பளி நூலும்தான் துணை.

பக்கத்து வீட்டில் ஓர் அம்மாள். அப்போது 83 வயது. தனியாக இருந்தார். நான் ஜன்னலருகே பின்னிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கதவைத் தட்டினார். அவர் பேசிய ஸ்காட்லாந்து இங்கிலீஷில் பாதி எனக்குப் புரியவில்லை. என் இங்கிலீஷில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் ஊசியை வாங்கி, நாலு கண்ணி போட்டுக் காட்டினாரே, அது இரண்டு பேருக்கும் புரிந்தது. பிறகு தினம் பதினோரு மணிக்கு அவர் வீட்டில் டீ.

ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸுக்குப் பொது விடுமுறை வந்ததே 1958-ல்தானாம். அதற்கு முன் அவருடைய அப்பா அன்றைக்கும் வேலைக்குப் போய்விட்டுத்தான் வருவாராம். குழந்தைகளுக்குக் காலுறை மட்டும் உண்டு. போர்க் காலத்தில் அதுவும் கஷ்டம். 1941 ஜூனிலிருந்து 1949 மார்ச் வரை பிரிட்டனில் துணிமணிக்குக் கூப்பன். முதல் வருடம் ஆளுக்கு 66 கூப்பன். பின்னும் நூலுக்கும் கூப்பன் உண்டு, 2 அவுன்ஸுக்கு ஒன்று. அதாவது நம் கணக்கில் 57 கிராம். அதனால் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை நனைத்துக் காயவைத்து, மறுபடி பின்னுவார்கள். ஆரஞ்சுப் பழம் கப்பலில் வந்தால்தான் உண்டு, வந்தாலும் குழந்தைகளுக்கே முதல் உரிமை.

“ஒரு வருஷம் பழம் வரவே இல்லே. எங்கம்மா ஆரஞ்சு நிற நூல்லே ஒரு பழம் பின்னி காலுறை நுனியிலே வச்சிருந்தாங்க. எனக்கு ஒன்பது வயசு. இருட்டிலே கையை விட்டுத் தடவிப் பார்த்து, நிஜப் பழம்னே நினைச்சேன். எடுத்துப் பார்த்ததும் அழுதுட்டேன். எங்கம்மா முகத்தைப் பார்த்தப்புறம்தான் அழுகையை நிறுத்தினேன்” என்றார்.

அன்றிலிருந்து தம் குழந்தைகள், பேரக் குழந்தைகள் எல்லார் காலுறையிலும் நிஜப் பழம் ஒன்று, நூல் பழம் ஒன்று வைப்பாராம். அந்தப் பழத்தின் கணக்கைத்தான் முதலில் தருகிறேன்.

முதலில் மூன்று சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ‘கூட்டு’ என்றால் ஒரே கண்ணியை முன்பக்கம் ஒரு முறை, பின்பக்கம் ஒரு முறை பின்னி இரண்டாக்குவது. ‘சேர்’ என்றால் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பிளெயின் பின்னுவது. ‘சுற்று’ என்றால் நூலை முன்னால் கொண்டுவந்து ஊசிமேல் ஒரு சுற்றுப் போட்டுப் புதுக் கண்ணி உண்டாக்குவது.

கமலா ஆரஞ்சு

வேண்டியவை: நடுத்தரக் கனமுள்ள ஆரஞ்சு நிற நூல் 15 கிராம், பச்சை நூல் கொஞ்சம், 3.25 மி.மீ. ஊசி (பழைய கணக்கில் 10-ம் நம்பர்), தலையணைக்குப் போடும் பாலியெஸ்டர் பஞ்சு ஒரு பிடி.

10 கண்ணிகள் ஏற்றுங்கள். 1-ம் வரிசை பர்ல். 2-ம் வரிசையில் ஒவ்வொரு கண்ணியையும் கூட்டுங்கள் (20). 3-ம் வரிசை பர்ல். 4-ம் வரிசை: ஒரு பிளெயின், ஒரு கூட்டு, இப்படியே கடைசி வரை (30). 5-ம் வரிசை பர்ல். 6-ம் வரிசை: இரண்டு பிளெயின், ஒரு கூட்டு (40). 7 முதல் 19 வரை ஒரு வரிசை பர்ல், ஒரு வரிசை பிளெயின். பர்லில் ஆரம்பித்துப் பர்லில் முடியும். 20-ம் வரிசை: இரண்டு பிளெயின், ஒரு சேர் (30). 21 பர்ல். 22: ஒரு பிளெயின், ஒரு சேர் (20). 23 பர்ல். 24: முழுக்கச் சேர் (10). நூலை ஒரு முழம் விட்டு நறுக்கி, தையல் ஊசியில் கோத்து, பத்துக் கண்ணிக்குள்ளும் விட்டுச் சுருக்கிக்கொள்ளுங்கள். ஓரத்தைத் தைத்து, பஞ்சு திணித்து, அடியையும் சுருக்குங்கள். உச்சியில் பச்சை நூலால் சங்கிலித் தையலில் இரண்டு இலை. அவ்வளவுதான்!

பஞ்சு வெளியே தெரியாமல் இருக்க, பின்னல் இறுக்கமாக இருக்க வேண்டும். அரிசி, பயறு, மணி எதையும் உள்ளே போடாதீர்கள். தையல் விட்டால் குழந்தை வாய்க்குள் போய்விடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் பேத்திக்கு ஒன்றரை வயதில் ஒரு கரடிப் பொம்மை பின்னி, கண்ணுக்குச் சட்டைப் பொத்தான் வைத்து அனுப்பினேன். ஒரே வாரத்தில் ஒரு கண்ணைக் கடித்துப் பிடுங்கிவிட்டாள். நல்ல வேளை, என் பெண் பார்த்து விரலை விட்டு எடுத்துவிட்டாள். அதற்குப் பின் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எது செய்தாலும் பொத்தான், மணி, குஞ்சலம் வைப்பதே இல்லை. கண், மூக்கு எல்லாம் நூலால் தையல்தான். ஒரு சாமான் சுமார் மூன்றேகால் செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் அடங்கிவிட்டால், அது சின்னக் குழந்தைக்கு ஆகாது என்பது பொம்மை செய்கிறவர்களுக்கு உள்ள விதி. நாமும் அதை வைத்துக்கொள்வோம். கழுத்தில், கையில் மாட்டும்படி நீளக் கயிறும் வேண்டாம்.

முகம் துடைக்கும் துணி

இது பெரியவர்களின் காலுறைக்கு. ஒரு நல்ல சோப்பை இதில் சுற்றி, நூலால் கட்டி வைத்தால் அழகான பரிசு.

பருத்தி நூல் 50 கிராம் உருண்டை ஒன்று தாராளம். 4 மி.மீ. ஊசி (8-ம் நம்பர்). 4 கண்ணிகள் ஏற்றி ஒரு வரிசை பிளெயின். பிறகு ஒவ்வொரு வரிசையும்: இரண்டு பிளெயின், ஒரு சுற்று, மீதியெல்லாம் பிளெயின். வரிசைக்கு ஒரு கண்ணி கூடும். 44 கண்ணி வந்ததும் நிறுத்துங்கள். இனிக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையும்: ஒரு பிளெயின், ஒரு சேர், ஒரு சுற்று, ஒரு சேர், மீதி பிளெயின். 4 கண்ணிகள் மிஞ்சும்போது மூடிவிடுங்கள். மூலையில் ஆரம்பித்து மூலையில் முடியும். ஓரமெல்லாம் தானாகவே ஓட்டை ஓட்டையாய் லேஸ் வைத்தாற்போல் இருக்கும்.

இதற்கு அக்ரிலிக் நூல் கூடாது. அது தண்ணீரை உறிஞ்சாது. சூடான பாத்திரம் பிடிக்கும் துணிக்கும் அக்ரிலிக் வேண்டவே வேண்டாம். சூடு பட்டால் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் அக்ரிலிக் காலுறையைத் தொங்கவிடவும் கூடாது.

மணிக்கட்டு உறை

குளிர் ஊரில் டைப் அடிக்கிறவர்களுக்கும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் இது வரப்பிரசாதம். விரல்கள் வெளியே இருக்கும், மணிக்கட்டு கதகதப்பாக இருக்கும். என் மாப்பிள்ளை வாயால் பாராட்டமாட்டார், ஆனால் மூன்று ஜோடி தேய்த்துவிட்டார்!

நடுத்தரக் கம்பளி நூல் 50 கிராம், 4 மி.மீ. ஊசி. 40 கண்ணிகள் ஏற்றி, இரண்டு பிளெயின் இரண்டு பர்ல் என்று 16 செ.மீ. உயரம் வரை பின்னித் தளர்வாக மூடுங்கள். ஓரங்களைச் சேர்த்துக் கீழிருந்து 9 செ.மீ. தையுங்கள். கட்டைவிரலுக்கு 4 செ.மீ. விடுங்கள். மிச்சத்தையும் தைத்துவிடுங்கள். இதே மாதிரி இன்னொன்று.

குழந்தைக் கையுறை

கடைசியாக இது. ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தைக்கு. கட்டைவிரல் கிடையாது, ஆகவே வலது இடது வித்தியாசமும் கிடையாது.

மிருதுவான நூல் 25 கிராம், 3.25 மி.மீ. ஊசி. 32 கண்ணிகள் ஏற்றுங்கள். ஒரு பிளெயின் ஒரு பர்ல் என்று 12 வரிசை. பிறகு ஒரு வரிசை பிளெயின், ஒரு வரிசை பர்ல் என்று 18 வரிசை. அடுத்து: இரண்டு பிளெயின், ஒரு சேர் (24). பர்ல். ஒரு பிளெயின், ஒரு சேர் (16). பர்ல். முழுக்கச் சேர் (8). நூலைக் கோத்துச் சுருக்கி, ஓரத்தைத் தைக்கவும். உள்பக்கம் நீள நூல் எதுவும் தொங்காமல் பாருங்கள். சின்ன விரலில் சுற்றிக்கொண்டால் ஆபத்து. பஞ்சு பஞ்சாய் ரோமம் உதிரும் நூல் வேண்டாம், குழந்தை கையுறையைச் சப்பாமல் விடாது. வீட்டுக்குள் வந்ததும் தொப்பியையும் கையுறையையும் கழற்றிவிடச் சொல்லி ஒரு சீட்டு எழுதி வையுங்கள்.

இந்தக் கையுறையின் பின்னால்தான் என் கதையின் மிச்சம் இருக்கிறது.

அந்த டிசம்பரில் பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் கொள்ளுப் பேரன் பிறந்து எட்டு மாதம். அவனுக்கு முதல் கிறிஸ்துமஸ். நீல நூலில் ஒரு கையுறை முடித்துவிட்டார். இரண்டாவதை ஆரம்பித்தபோது விரல் முட்டிகள் வீங்கிவிட்டன. வெந்நீரில் கையை வைத்துப் பார்த்தார். தைலம் தடவிப் பார்த்தார். ஐந்து வரிசைக்கு மேல் ஓடவில்லை. டிசம்பர் 19-ம் தேதி ஒரு கையுறையும், அரைகுறை ஐந்து வரிசையும், நூலுமாக ஒரு பையை என் கையில் கொடுத்தார்.

“நீங்க முடிச்சுக் கொடுங்க. நான் கேட்டதா யாருக்கும் சொல்ல வேண்டாம்” என்றார்.

அவ்வளவுதானே என்று நானும் ஒரே மாலையில் முடித்துவிட்டேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என்னுடையது ஒரு செ.மீ. அகலம் கூடுதல்! அதே 32 கண்ணி, அதே ஊசி. அளவெடுத்துப் பார்த்தேன். அவர் பின்னலில் 10 செ.மீ.க்கு 24 கண்ணி. என் பின்னலில் 22. அவர் கை இறுக்கம், என் கை தளர்வு. இதைத்தான் ‘டென்ஷன்’ என்று புத்தகத்தில் போடுகிறார்கள். நாம் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடுகிறோம்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அவருடையதையும் பிரித்துவிட்டு இரண்டையும் நானே போட்டால் ஜோடி கச்சிதமாக இருக்குமே! பிரிக்க நூல் முனையைத் தேடியும் எடுத்துவிட்டேன். அப்போது என் பெண் ஆபீஸிலிருந்து வந்தாள்.

“என்னம்மா பண்றே?”

சொன்னேன்.

“அதைப் பிரிச்சுட்டா அவங்க கையாலே போட்டதுன்னு என்னம்மா இருக்கும்? உன்னுடையதைப் பிரிச்சுக்கோ” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருடமாகப் பின்னுகிறவள், நேர்த்தியைத்தான் பார்த்தேனே தவிர, யாருடைய பரிசு என்று பார்க்கவில்லை. என்னுடையதைப் பிரித்தேன். 11-ம் நம்பர் ஊசியில் மறுபடி போட்டேன், 23 கண்ணி வந்தது. 12-ம் நம்பரில், அதாவது 2.75 மி.மீ.யில், 24 சரியாக வந்தது. அவர் பின்னி வைத்த ஐந்து வரிசையை மட்டும் பிரிக்காமல் அதன்மேலேயே தொடர்ந்தேன். 23-ம் தேதி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டையும் கையில் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார். எது அவருடையது, எது என்னுடையது என்று ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார்! பின்னுகிறவர்களுக்குத் தங்கள் கை தெரியாமல் போகுமா? “என் ஐந்து வரிசையை விட்டு வச்சிருக்கீங்களே” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு இன்னொரு கோப்பை டீ ஊற்றினார்.

கிறிஸ்துமஸ் அன்று காலை என் பேத்தியின் காலுறை நுனியில் இரண்டு ஆரஞ்சு இருந்தன. ஒன்று நிஜம், ஒன்று நூல். “பாட்டி, இதை உரிக்க முடியலே!” என்று ஓடி வந்தாள். நான் பின்னியதல்ல. அந்தக் கை வீங்கும் முன்பே அவர் முடித்து வைத்திருக்கிறார்.

2018-ல் நான் மறுபடி போனபோது அவர் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டிருந்தார். எனக்கென்று ஒரு பையை என் பெண்ணிடம் கொடுத்து வைத்திருந்தார். உள்ளே அவருடைய ஊசிகள். எல்லாம் பழைய நம்பர் போட்டவை. இந்தக் கணக்குகளை அவற்றில்தான் மறுபடி பின்னிப் பார்த்து உங்களுக்கு எழுதுகிறேன். பாட்டி, அம்மா வைத்துவிட்டுப் போன பழைய பிரிட்டிஷ் ஊசி உங்கள் வீட்டிலும் இருந்தால், நம்பர் ஏற ஏற ஊசி மெலியும் என்பதை மறக்காதீர்கள். 8 என்றால் 4 மி.மீ., 9 என்றால் 3.75, 10 என்றால் 3.25, 11 என்றால் 3, 12 என்றால் 2.75.

கைக்கு ஒரு வார்த்தை. பண்டிகை அவசரத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து பின்னாதீர்கள். அரை மணிக்கு ஒரு தடவை ஊசியைக் கீழே வைத்து, விரல்களை விரித்து மடக்கி, தோளைச் சுழற்றி, தூரத்தில் எதையாவது கொஞ்ச நேரம் பாருங்கள். வெளிச்சம் பின்னாலிருந்து தோள்வழியே விழட்டும். விரலில் மரத்துப் போதல், இரவில் வலி, காலையில் முட்டி விறைப்பு இருந்தால் பின்னலைக் குற்றம் சொல்லிவிட்டுச் சும்மா இராமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். முட்டி வலி உள்ளவர்களுக்கு உலோக ஊசியைவிட மூங்கில் ஊசி நல்லது. கையில் சில்லென்று இராது, கண்ணியும் வழுக்காது.

துவைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அசல் கம்பளியை வெந்நீரில் போட்டு மெஷினில் சுற்றினால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். கம்பளி இழையில் மீன் செதில்போல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூட்டிலும் உராய்விலும் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் துண்டில் வைத்து அழுத்தி, கிடையாகப் போட்டு உலர்த்த வேண்டும். கைக்குழந்தைத் தாய்க்கு இதற்கெல்லாம் நேரம் ஏது? அவளுக்கு மெஷினில் போடக் கூடிய நூலாகப் பார்த்து வாங்குங்கள். எந்த நூல், எப்படித் துவைப்பது என்று ஒரு சீட்டு எழுதிப் பரிசோடு வைப்பது நல்ல பழக்கம்.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் முதல் மூன்று வாரத்துக்குள் முடித்துத் தபாலில் சேர்த்துவிடுங்கள். ஆரஞ்சுக்கு இரண்டு மாலை, துணிக்கு மூன்று, மணிக்கட்டு உறை ஜோடிக்கு நாலு, குழந்தைக் கையுறைக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் பதற்றமில்லை. கடையில் இதைவிட மலிவாகவே கிடைக்கும், மறைக்க மாட்டேன். நூல் விலையையும் நேரத்தையும் கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாது. அந்தக் கணக்கைப் பார்க்கிறவர்கள் இந்தப் பக்கத்தை ஏன் படிக்கப் போகிறார்கள்?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கை ஓடாமல் பாதியில் நிறுத்திய பின்னல் ஏதாவது பையில் கிடக்கிறதா, ஒரு முறை கேட்டுப் பாருங்கள். முடித்துக் கொடுக்கச் சொன்னால், முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னி அவர்கள் இறுக்கத்துக்கு உங்கள் ஊசியைச் சரிசெய்துகொள்ளுங்கள். அவர்கள் போட்ட வரிசையை மட்டும் பிரித்துவிடாதீர்கள்.

அடுத்த இதழில், கிழிந்த ஸ்வெட்டர் முழங்கையைத் தையல் தெரியாமல் சரிசெய்யும் முறையைப் பார்ப்போம். அதுவரை ஊசி முனையில் ரப்பரைச் செருகி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்!